கார்டு காட்டியும் கதவு திறக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

கதவு திறக்கவில்லை என்று அழைப்பு வந்தால் பலர் முதலில் கணினி முன் உட்கார்ந்து மென்பொருளைத் திறக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: கார்டைக் காட்டும்போது கதவைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியில் "டிக்" என்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சத்தம் வருகிறதா? இந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். டிக் வந்தால் கோளாறு ரிலேவுக்கும் கதவுக்கும் நடுவில். வராவிட்டால் கார்டுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில்.

வேலை செய்யும் வரிசை இதுதான். கார்டின் எண்ணை ரீடர் படிக்கிறது. அந்த எண் கம்பி வழியாகக் கன்ட்ரோலருக்குப் போகிறது. கன்ட்ரோலர் தன் நினைவில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, அனுமதி உண்டென்றால் ரிலேவை இழுக்கிறது. ரிலே, லாக்குக்குப் போகும் மின்சாரத்தை வெட்டுகிறது. கதவு திறக்கிறது. இதில் நெட்வொர்க் எங்கே வந்தது என்று பாருங்கள். ஒழுங்காக அமைத்த கட்டடத்தில் அது கதவைத் திறப்பதே இல்லை; யார் எப்போது வந்தார் என்ற செய்தியைக் கொண்டுபோகிறது, புதுக் கார்டுகளின் பட்டியலைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். இன்டர்நெட் போனதும் கதவும் நின்றுவிடுகிறது என்றால் அது பழுது அல்ல, அமைப்பிலேயே உள்ள குறை. பொருத்தியவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு லேப்டாப், இரண்டு மீட்டர் நெட்வொர்க் கேபிள், நன்றாக வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கார்டு. இவை போதும்.

உள்ளே இருப்பவரால் வெளியே வர முடியவில்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற எந்தப் பழுதும் நாளை வரை காத்திருக்கலாம். இது ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

எக்சிட் பட்டனை அழுத்தியும் திறக்கவில்லை என்றால் உடனே லாக்கின் மின்சாரத்தை வெட்டுங்கள். இஎம் லாக் (மின்காந்தப் பூட்டு) காந்தத்தால்தான் பிடிக்கிறது. மின்சாரம் போனால் விட்டுவிடும். ஆனால் சுவரில் உள்ள 230 வோல்ட் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பவர் சப்ளைக்குள் 12 வோல்ட் பேட்டரி உட்கார்ந்திருக்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே ஒரு லாக்கைப் பல மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். பேட்டரியின் முனையைக் கழற்றுங்கள், அல்லது லாக்குக்குப் போகும் கம்பியையே கழற்றுங்கள்.

ஆளை வெளியே கொண்டுவந்த பிறகு காரணத்தைத் தேடலாம். எக்சிட் பட்டன் வழக்கமாகக் கன்ட்ரோலரிடம் "திற" என்று சொல்லும் ஒரு சுவிட்ச் மட்டுமே. கன்ட்ரோலர் உறைந்துபோயிருந்தால் பட்டன் சொல்வதைக் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் பட்டனுக்கு மேலே பச்சை நிறத்தில் பிரேக் கிளாஸ் பெட்டி (அவசரத்தில் கண்ணாடியை உடைத்து இயக்கும் சுவிட்ச்) ஒன்று வேண்டும் என்கிறோம். அது கன்ட்ரோலரிடம் எதுவும் கேட்காது. லாக்குக்குப் போகும் 12 வோல்ட் கம்பியை நேரடியாக வெட்டும். வெட்டும் இடம் பேட்டரிக்கும் லாக்குக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

தீ எச்சரிக்கை அமைப்போடு கதவை இணைக்கும்போதும் இதே தவறு நடக்கிறது. எச்சரிக்கை வந்ததும் பவர் சப்ளையின் 230 வோல்ட் மட்டும் வெட்டப்படும்படி இணைத்திருப்பார்கள். சோதனையன்று பேட்டரி இறந்துபோயிருந்ததால் கதவு திறந்திருக்கும், எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். புதுப் பேட்டரி மாட்டிய பிறகு அதே கதவு தீயின்போது பூட்டியே நிற்கும். ஆகவே பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் தீ எச்சரிக்கைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கார்டு காட்டினால் எந்தச் சலனமும் இல்லை

ரீடரில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் நடுவில் அளந்து பாருங்கள், 12 வோல்ட் அளவில் வர வேண்டும். விளக்கு எரிந்து பீப்பும் வரவில்லை என்றால், கார்டும் ரீடரும் ஒரே அலைவரிசையைச் சேர்ந்தவைதானா என்று பாருங்கள். பழைய தடித்த கார்டுகள் 125 கிலோஹெர்ட்ஸ். புது ரகங்கள் 13.56 மெகாஹெர்ட்ஸ். ஒன்றை மற்றதன் ரீடர் கண்டுகொள்ளவே கொள்ளாது. ரீடரை இரும்புக் கதவு நிலையின்மேல் நேரடியாகப் பொருத்தியிருந்தாலும் படிக்கும் தூரம் சுருங்கிவிடும். பின்னால் ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் இடைவெளி கொடுத்துப் பாருங்கள்.

பீப் வருகிறது, ஆனால் டிக் இல்லை

ரீடர் கார்டைப் படித்துவிட்டது, கன்ட்ரோலர் ஏற்கவில்லை. இங்கேதான் மென்பொருளின் பதிவேட்டைத் திறக்க வேண்டும். கார்டைக் காட்டியதும் புது வரி விழுகிறதா என்று பாருங்கள்.

வரி விழுந்து "அனுமதி இல்லை" என்றால் காரணமும் கூடவே எழுதியிருக்கும். நேர வரம்பு, காலாவதித் தேதி, ஒருவர் வெளியேறாமல் இரண்டாம் முறை நுழைவதைத் தடுக்கும் விதி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நேர வரம்பு என்று வந்தால் முதலில் கன்ட்ரோலரின் கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்திருந்தால், மின்வெட்டுக்குப் பிறகு கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். கார்டில் தவறே இருக்காது. கன்ட்ரோலர் வேறு காலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கும்.

வரியே விழவில்லை என்றால் ரீடரிலிருந்து வரும் கம்பியைச் சந்தேகியுங்கள். ரீடர் எண்ணைக் கன்ட்ரோலருக்கு அனுப்பும் வழக்கமான வழியான வீகாண்ட் முறையில் பச்சைக் கம்பி சுழியத்தையும் வெள்ளைக் கம்பி ஒன்றையும் கொண்டுபோகும். யாரும் கார்டு காட்டாதபோது இரண்டிலும் கறுப்புக் கம்பியோடு ஒப்பிட்டு ஏறக்குறைய 5 வோல்ட் நிற்கும். ஒன்றில் சுழியம் காட்டினால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது அல்லது எங்கோ உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. இரண்டையும் மாற்றி இணைத்திருந்தால் எண் தவறாக வரும் அல்லது வரவே வராது. ரீடருக்குத் தனிப் பவர் சப்ளை கொடுத்திருந்தால், இரண்டு சப்ளைகளின் கறுப்புக் கம்பிகளும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ரீடரையே மாற்றியவர்கள் உண்டு.

புதிதாக வாங்கிய கார்டுகள் மட்டும் வேலை செய்யவில்லை

பழைய கார்டின் முதுகில் அச்சிட்ட எண்களைக் கவனித்திருப்பீர்கள். பத்து இலக்கம் ஒன்று, பக்கத்தில் காற்புள்ளியோடு மூன்றும் ஐந்துமாக இன்னொன்று. இரண்டும் ஒரே எண்தான். ரீடர் எண்ணை அனுப்பும் 26 பிட் முறையில் (ஒரு பிட் என்பது ஒரு சுழியம் அல்லது ஒன்று) காற்புள்ளிக்கு முன்னால் உள்ள 8 பிட் இடக்குறியீடு, பின்னால் உள்ள 16 பிட் கார்டு எண், மீதி 2 பிட் சரிபார்ப்புக்கு. அதனால் இடக்குறியீடு 255-ஐத் தாண்டாது, கார்டு எண் 65535-ஐத் தாண்டாது. 086,12345 என்று அச்சிட்டிருந்தால், 86-ஐ 65536-ஆல் பெருக்கி 12345-ஐக் கூட்டுங்கள், 5648441 வரும். முன்னால் சுழியங்களைச் சேர்த்தால் அதுதான் அந்தப் பத்து இலக்க எண்.

அலுவலகத்தில் ஒருவர் பத்து இலக்கத்தைப் பதிகிறார், இன்னொருவர் கடைசி ஐந்தை மட்டும் பதிகிறார். குழப்பம் இங்கே பிறக்கிறது. கையால் எண்ணைத் தட்டாதீர்கள். கார்டை ரீடரில் காட்டி, பதிவேட்டில் விழும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் ரீடர் 34 பிட்டாக அனுப்புகிறது, கன்ட்ரோலர் 26 பிட்டாகப் படிக்கிறது என்று பொருள். இரண்டையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவாருங்கள்.

கைரேகை கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. சிமென்ட்டோடும் சோப்போடும் நாள் முழுக்க வேலை செய்பவர்களின் விரல்ரேகை தேய்ந்திருக்கும், முதியவர்களுக்கும் அப்படித்தான். "திரும்பத் திரும்ப வைங்க" என்று அவர்களை வாசலில் நிற்க வைப்பது சரியல்ல. வேறு இரண்டு விரல்களைப் பதிந்து பாருங்கள், இல்லையென்றால் கார்டு கொடுத்துவிடுங்கள்.

டிக் வருகிறது, பூட்டு விடவில்லை. அல்லது பூட்டியிருக்கிறது, இழுத்தால் வந்துவிடுகிறது

இரண்டும் லாக் பக்கத்துப் பிரச்சினைகள். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் இஎம் லாக் 280 கிலோ வரை பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் எடுக்கும். அந்தப் பிடிப்பு கிடைக்க மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்.

ஒன்று, கதவில் இருக்கும் இரும்புத் தகடு. அது கொஞ்சம் ஆடும்படிதான் பொருத்தப்பட வேண்டும். நடு போல்ட்டுக்குப் பின்னால் ரப்பர் வாஷர் வைப்பது, கதவு சற்றுக் கோணலாக வந்தாலும் தகடு தானாகத் திரும்பிக் காந்தத்தோடு முழுதாகப் படியட்டும் என்பதற்காகத்தான். ஆடுகிறதே என்று யாராவது ஸ்பானர் போட்டு இறுக்கிவிடுவார்கள். அதோடு ஒரு ஓரம் மட்டும் தொடும், பிடிப்பு போய்விடும். இறுக்கியதைத் தளர்த்துங்கள். எத்தனையோ "லாக் போச்சு" புகார்கள் இந்த ஒரு திருப்பில் சரியாகியிருக்கின்றன.

இரண்டு, தகட்டின் முகம். கடலோர ஊர்களில் மழைக்காலம் முடியும்போது மெல்லிய துரு படிந்திருக்கும். பெயின்ட் அடித்தவர் ஒட்டிய டேப் அப்படியே இருக்கும். காகிதம் அளவு இடைவெளிகூடக் காந்தப் பிடிப்பைப் பெரிதும் குறைக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டு முலாமைச் சுரண்டாதீர்கள்.

மூன்று, வோல்ட்டேஜ். பவர் சப்ளையில் 12 அளந்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். லாக் முனையில், பூட்டியிருக்கும் நிலையில் அளக்க வேண்டும். நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடிக் கம்பியை லாக்குக்கு இழுத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். 40 மீட்டர் தூரம் என்றால் போக வர 80 மீட்டர். மெல்லிய கம்பி, 5 அல்லது 6 ஓம் தடை. லாக்கின் சுருள் 24 ஓம். கணக்குப் போட்டால் லாக்குக்குக் கிடைப்பது 9.7 வோல்ட் போலத்தான். பிடிப்பு வலு அதைவிட வேகமாக இறங்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

டிக் வந்தும் லாக் விடவில்லை என்றால் ரிலேவின் தொடுமுனைகள் உருகி ஒட்டியிருக்கலாம். லாக் கம்பி ரிலேவைத் தொடாமல் நேராகப் போகிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் போன பிறகும் கதவு சில நொடி ஒட்டிக்கொண்டிருந்தால் அது இரும்பில் தங்கும் மிச்சக் காந்தம். தகட்டில் ஒரு சிறிய ரப்பர் குமிழ் இருக்கும், தகட்டைத் தள்ளிவிடுவதற்காக. அது விழுந்துபோயிருக்கும்.

கதவு திறக்கும்போதெல்லாம் கன்ட்ரோலர் அணைந்து எழுகிறது

லாக் ஒரு பெரிய சுருள். மின்சாரத்தை வெட்டும் கணத்தில் அது எதிர்த்திசையில் பல மடங்கு வோல்ட்டேஜை உதைக்கும். அந்த உதை கன்ட்ரோலரைக் குழப்புகிறது, ரிலே முனைகளையும் தின்கிறது. மருந்து சில ரூபாய் விலையுள்ள 1என்4007 டையோடு. லாக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே, வெள்ளைக் கோடு நேர்முனைப் பக்கம் இருக்கும்படி, லாக்குக்குப் பக்கத்திலேயே வையுங்கள். திருப்பி வைத்தால் ஷார்ட் ஆகிவிடும். சில லாக்குகளில் உள்ளேயே இருக்கும். முடிந்தால் லாக்குக்கும் கன்ட்ரோலருக்கும் தனித்தனிச் சப்ளை கொடுங்கள்.

திரையில் ஆஃப்லைன், கதவோ ஒழுங்காக வேலை செய்கிறது

இப்போதுதான் நெட்வொர்க்கின் முறை. கன்ட்ரோலரின் போர்ட்டில் விளக்கு எரிகிறதா? இல்லை என்றால் கேபிள், அல்லது ஸ்விட்ச். எரிகிறது என்றால் கணினியிலிருந்து பிங் (அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள்.

ஒரு குடியிருப்பில் ஒரு காலை எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் ஆஃப்லைன் ஆயின. கன்ட்ரோலர்களைக் கழற்றிக் கொண்டுபோகவே ஆள் வந்துவிட்டார். நான் வாட்ச்மேனிடம் விசாரித்தபோது, "நேத்து இன்டர்நெட்காரங்க புது பெட்டி வெச்சாங்க சார்" என்றார். பழைய ரௌட்டர் 192.168.1 என்ற வரிசையில் இருந்தது, புதியது 192.168.0. கதவுகள் பழைய தெருவிலேயே நிற்க, கணினி மட்டும் புதுத் தெருவுக்குக் குடிபோயிருந்தது. ரௌட்டரின் முகவரியைப் பழையபடி மாற்றியதும் எல்லாம் பச்சையாயின. எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தால் பொதுவான ஒன்று மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று கேட்பதுதான் முதல் சோதனை.

ஒரே ஒரு கதவு வந்து வந்து போகிறது என்றால் ஐபி முகவரி மோதலாக இருக்கலாம். கன்ட்ரோலரின் கேபிளைக் கழற்றிவிட்டு அதே முகவரிக்குப் பிங் போடுங்கள். அப்போதும் பதில் வந்தால் அந்த முகவரியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். யாருடைய கைப்பேசியாகவோ பிரிண்டராகவோ இருக்கும். கதவுக் கருவிகளுக்கு நிலையான முகவரி கொடுத்து, ரௌட்டர் தானாக வழங்கும் வரிசையிலிருந்து அவற்றை விலக்கி வையுங்கள். பிங் வருகிறது, மென்பொருள் மட்டும் இணையவில்லை என்றால் கணினியின் ஃபயர்வால் போர்ட்டை அடைத்திருக்கும். பல வருகைப்பதிவுக் கருவிகள் 4370 போர்ட்டைப் பயன்படுத்துகின்றன.

கேமரா பகலில் நன்றாக, இரவில் போய்ப் போய் வருகிறது

மாலை ஆறரைக்குத் தொடங்கி விடிந்ததும் தானாகச் சரியாகிவிடும் பழுது இது. இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளைப் போடுகிறது, மின்தேவை ஏறுகிறது. கொடுக்க முடியாதபோது அணைந்து மறுபடி எழும்பும்.

பிஓஇ ஸ்விட்சின் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் கொடுக்கும் பெட்டி) மொத்தத் திறனைப் பாருங்கள். 802.3ஏஎஃப் முறையில் ஒரு போர்ட் 15.4 வாட் அனுப்பலாம், கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. ஆனால் எட்டு போர்ட் ஸ்விட்சின் மொத்தத் திறன் 60 வாட் மட்டுமே என்றால் எல்லாப் போர்ட்டிலும் அவ்வளவு கிடைக்காது. பகலில் ஆளுக்கு 4 வாட், இரவில் 9 வாட் என்று வைத்தால் 72 ஆகிவிடுகிறது. அப்போது ஏதாவது ஒரு கேமரா விழும்.

திறன் போதும் என்றால் கேபிளைப் பாருங்கள். முனையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை அதிகம், பிஓஇக்கு உதவாது. முழுச் செம்பாக இருந்தாலும் ஸ்விட்சிலிருந்து கேமரா வரை 100 மீட்டர்தான் எல்லை.

இரவில் படம் வெள்ளைப் பனியாகத் தெரிகிறது என்றால் ஏணி போட்டு ஏறுங்கள். அகச்சிவப்பு வெளிச்சத்தை நாடிப் பூச்சி வரும், பூச்சியை நாடிச் சிலந்தி வரும். லென்சுக்கு முன் ஒரே ஒரு நூல் போதும், படம் முழுதும் மறையும், அசைவு எச்சரிக்கையும் இரவெல்லாம் அடிக்கும்.

நேரடிக் காட்சி வருகிறது, பதிவைத் தேடினால் இல்லை

திருட்டு நடந்த மறுநாள்தான் இது தெரியவரும். அதுதான் வேதனை. திரையில் படம் ஓடுவது கேமரா வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. படத்தைப் பதிந்து வைக்கும் என்விஆர் கருவியின் ஹார்ட் டிஸ்க் இறந்தாலும் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எத்தனை நாள் தங்கும் என்று நீங்களே கணக்கிடலாம். எட்டு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 346 ஜிகாபைட். 4 டெராபைட் டிஸ்க் பதினோரு நாளைத் தாண்டாது. முப்பது நாள் வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருந்தால், 10 டெராபைட்டுக்கு மேல் வேண்டும் அல்லது அசைவின்போது மட்டும் பதியும்படி மாற்ற வேண்டும்.

மாதம் ஒரு முறை, பத்து நாளுக்கு முந்தைய ஒரு நேரத்தைத் தேடி எடுத்து, பென் டிரைவில் இறக்கி, வேறு லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள். அப்போதே கடிகாரத்தையும் கைப்பேசியோடு ஒப்பிடுங்கள். ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் நேர மண்டலம் அமைக்கப்படவில்லை. கதவுப் பதிவும் கேமராப் பதிவும் ஒரே நேர சேவையகத்தைப் பின்பற்றினால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியும்.

கேமரா தானாகத் திரும்புகிறது, தெரியாத முகவரியிலிருந்து உள்நுழைவு

இதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாறாமல் கிடந்த கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அது முயன்று பார்த்த பெயர்-கடவுச்சொல் ஜோடிகள் அறுபதைச் சற்றுத் தாண்டியவை மட்டுமே. பூட்டை உடைக்கவே இல்லை, திறந்திருந்த கதவில் நுழைந்தது.

முதலில் இன்டர்நெட் கேபிளைக் கழற்றுங்கள். கதவுகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். உள்நுழைவுப் பதிவை நகலெடுத்து வையுங்கள். கருவியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய், ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்து, நீண்ட கடவுச்சொல் வைத்த பிறகே மறுபடி இணையுங்கள். வெறுமனே அணைத்துப் போட்டால் சில தீநிரல்கள் மறையும், ஆனால் அதே ஓட்டை வழியாகச் சில நிமிடங்களில் திரும்பி வரும். ரௌட்டரில் போர்ட் ஃபார்வார்டிங் (இன்டர்நெட்டிலிருந்து நேராகக் கருவிக்கு வழி திறந்துவிடும் அமைப்பு) எதுவும் இருந்தால் நீக்குங்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாகப் பாருங்கள். கேமராவும் கதவும் இருக்கும் நெட்வொர்க்கை, விருந்தினர்களுக்குக் கொடுக்கும் வைஃபையிலிருந்து பிரித்து வையுங்கள்.

ஒரே கார்டு இரண்டு வாசல்களில் ஒரே நிமிடத்தில்

பதிவேட்டில் இப்படி இரண்டு வரி கண்டால் கார்டு நகல் எடுக்கப்பட்டிருக்கிறது. 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளில் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. கேட்டவர் எல்லோருக்கும் எண்ணைச் சொல்லிவிடும். சாவிக் கடைக் கருவியில் ஒரு நிமிடத்தில் நகல் வந்துவிடும். 13.56 மெகாஹெர்ட்ஸில் பரவலான மைஃபேர் கிளாசிக் கார்டின் ரகசியக் குறியாக்கமும் 2008-லேயே ஆய்வாளர்களால் உடைக்கப்பட்டுவிட்டது. புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் வலுவான குறியாக்கம் உள்ள டெஸ்ஃபயர் ரகக் கார்டும், ரீடரிலிருந்து கன்ட்ரோலர் வரை மறையாக்கத்தோடு பேசும் ஓஎஸ்டிபி இணைப்பும் கேளுங்கள்.

அதுவரை அந்த எண்ணை உடனே முடக்கி, உரியவருக்குப் புதுக் கார்டு கொடுங்கள். முக்கியமான கதவுகளில் கார்டோடு நான்கு இலக்க எண்ணும் கேட்கும்படி வையுங்கள். அப்புறம் பட்டியலை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். வீடு காலி செய்துபோனவர், வேலையை விட்ட டிரைவர், லிஃப்ட் பழுது பார்க்க வந்தவருக்கு ஒரு நாளுக்கு என்று கொடுத்த கார்டு, எல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றாக நீக்கி, நீக்கியதைக் கன்ட்ரோலருக்கு அனுப்பி, அந்தக் கார்டில் ஒன்று கையில் இருந்தால் ரீடரில் காட்டி "அனுமதி இல்லை" என்ற வரி விழுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.